அம்மாக்கள் வேலைக்குப் போகும் கட்டாயத்தைச் சட்டம் தடுக்க வேண்டுமா?

பொருநைக்கரை
10 மார்ச் 2024, காலை 9:14

நேற்று அயர்லாந்து வாக்கெடுப்பு முடிவைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தில் 1937இலிருந்து ஒரு வரி உண்டு. காசுக் கஷ்டத்தால் வேலைக்குப் போய், வீட்டைக் கவனிக்க முடியாத நிலை எந்தத் தாய்க்கும் வராமல் இருக்க அரசு முயல வேண்டும் என்கிறது அது. 41.2 என்று பிரிவு எண். இதை எடுத்துவிட்டு, குடும்பத்தில் ஒருவரையொருவர் பராமரிப்பதை அரசு ஆதரிக்கப் பாடுபடும் என்று பொதுவாக எழுதலாமா என்று மக்களைக் கேட்டார்கள். மார்ச் 8, பெண்கள் தினத்தன்று வாக்குப்பதிவு. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 74 பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய வரி அப்படியே இருக்கிறது.

எனக்கு அந்தப் பழைய வரி பிடித்திருக்கிறது. காரணம் முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணை.

தங்கச்சி பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். நேற்றோடு பிள்ளைக்கு 22 நாள். மதியம் நான் பாளையங்கோட்டையிலிருந்து போய் இறங்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சுளகு. சேலைத் தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் கால் கட்டைவிரலில். கால் ஆட்டுகிறது, கை சுற்றுகிறது, வாய் பக்கத்து வீட்டு மைனியோடு பேசுகிறது. தூள் நெடியில் எனக்கே தும்மல் வந்தது. தொட்டிலுக்கும் சுளகுக்கும் நடுவே மூன்று அடி கூட இருக்காது.

நம் சட்டத்திலும் இப்படி ஒரு வரி இருந்தால் என்ன?

—

ஆலங்குளத்தான்
10 மார்ச், காலை 9:41

இருக்க வேண்டும். இதில் பேச என்ன இருக்கிறது?

எங்கள் ஆச்சி வயலுக்குப் போனாள். அம்மை பீடி சுற்றினாள். என் வீட்டுக்காரியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நான் 11 வருஷமாக மும்பையில் கடையில் நிற்கிறேன். ஓர் ஆள் சம்பாதித்தால் நாலு பேர் சாப்பிடலாம் என்கிற மாதிரி ஆம்பிளைக்குச் சம்பளம் கிடைக்க அரசாங்கம் வழி செய்யட்டும். அப்புறம் எந்த அம்மா பச்சை உடம்போடு திண்ணையில் உட்காரப் போகிறாள்? பெண்ணுரிமை பேசுகிறவர்கள் ஒருநாள் வந்து அந்தச் சுளகை மடியில் வைத்துப் பார்க்கட்டும்.

—

ரதவீதி
10 மார்ச், காலை 10:20

"காப்பாற்றுகிறோம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் நின்றவள். நின்றவள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். எனக்கு ஐந்தாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் அண்ணன் கூப்பிட்டார். திட்டவில்லை. "ஏம்மா, மாடிப்படி ஏறி இறங்குத, புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்ல? வீட்ல இருந்து நல்லாச் சாப்பிடு. புள்ளை வளர்ந்த பொறவு வா" என்றார். கூட நின்ற பிள்ளைகள் எல்லாம், எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்கள். அந்த மாதச் சம்பளத்தோடு சரி. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது, போனஸும் போயிற்று. பிள்ளைக்கு ஒன்றரை வயசானதும் போய்க் கேட்டேன். ஆள் எடுத்தாச்சு.

என்னை வேலையிலிருந்து நன்றாகவே காப்பாற்றினார்கள்.

—

கோர்ட்டுத்தெரு
10 மார்ச், காலை 11:02

ரதவீதி, உங்களுக்கு நடந்ததன் பெயர் வேலைநீக்கம். மாத்திரை மேல் வெல்லம் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். 1961 பேறுகாலப் பயன் சட்டத்தின்படி முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வயிற்றுப் பிள்ளைக்காரியை அந்தக் காரணத்துக்காக நிறுத்தினால் சட்டப்படி செல்லாது. 1981இல் விமானப் பணிப்பெண்கள் வழக்கிலேயே, முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது என்ற விதியை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அங்கேயும் கம்பெனி சொன்ன காரணம் அக்கறை மாதிரிதான் இருந்தது.

பொருநைக்கரை, அயர்லாந்து வரி கேட்க இனிப்பாக இருக்கும். அதனால் அந்த ஊர் அம்மாக்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அதைக் காட்டி எந்தத் தாயும் மாதப்பணம் வாங்கிவிடவில்லை. அதே காலத்தில், கல்யாணம் ஆனால் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை அங்கே நடப்பில் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஒரு பெண், "நான் வெளி வேலைக்குப் போகாமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தேன், ஆகவே வீட்டில் பாதி எனக்கு" என்று இதே 41.2ஐ வைத்துக் கேட்டார். கீழே ஒரு நீதிபதி கொடுத்தார். 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இப்போது வேண்டாம் என்று வாக்களித்தவர்களில் பலரும் பழைய வரியை விரும்பியவர்கள் இல்லை. புதிய வரியில் "பாடுபடும்" என்ற ஒரு சொல்லைத் தவிர கையில் எதுவும் இல்லையே என்பது, ஊனமுற்ற பிள்ளைகளையும் வயசானவர்களையும் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் குறை.

இன்னொன்று. நீங்கள் கேட்கும் வரி, அதைவிடக் கறாராக, நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1961 சட்டத்தின் 4ஆம் பிரிவு: பிள்ளை பெற்ற நாளிலிருந்து ஆறு வாரம் முதலாளியும் வேலை வாங்கக் கூடாது, அந்தப் பெண்ணும் வேலை பார்க்கக் கூடாது. பீடி சுற்றுபவர்களுக்கும் இது பொருந்தும் என்று 1966 பீடித் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் அந்தச் சட்டத்துக்குள் வருவார் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஆக, நேற்று உங்கள் தங்கச்சி திண்ணையில் உட்கார்ந்தது சட்டம் தடுத்த வேலை.

தடுத்த பிறகும் ஏன் உட்கார்ந்தாள் என்பதுதான் பேச்சு. ஒரே ஒரு கேள்வி: பீடிக்கடையில் வேலைக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது?

—

சுளகு
10 மார்ச், மதியம் 2:35

மகள் போனில் எழுதுகிறேன். பேட்டை. 31 வருஷமாகப் பீடி.

பொருநைக்கரைத் தம்பி, கயிறு கட்டைவிரலில் கட்டியதைப் பார்த்துப் பதறிவிட்டார். மூன்று பிள்ளைகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். தம்பியையும் அவர் அம்மா அப்படித்தான் வளர்த்திருப்பார், ஞாபகம் இருக்காது.

இந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடையில் இலையும் தூளும் நூலும் எடை போட்டுத் தருவான். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைக்க வேண்டும். காலையில் தகரத்தை இலை மேல் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டின இலை ஈரம் போவதற்குள் சுற்றி ஆக வேண்டும், காய்ந்தால் மடிக்கும்போது கீறிவிடும். சுற்றி, முனை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு. கை வேகமானவள் ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றுவாள். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு சுற்றினால் அறுநூறு எழுநூறு. கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கப்பிள்ளை ஒரு கட்டை எடுத்து உருட்டிப் பார்ப்பான். பிடிக்கவில்லை என்றால் கழிவு என்று ஒரு பிடி ஒதுக்குவான். ஒதுக்கினதுக்குக் கூலி கிடையாது, ஆனால் அதையும் திருப்பித் தர மாட்டான். இலை மோசமாக இருந்து பீடி குறைந்தால் வெளியில் காசு கொடுத்து இலை வாங்கிக் கணக்கை நேர் செய்கிறோம். டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து அழுகின இலைக்கும் எங்கள் பக்கம் ஒரு கடையில் பிடித்தம் போட்டார்கள்.

இதில் சட்டம் வந்து, "அம்மா, நீ ஆறு வாரம் சுற்றாதே" என்றால் சந்தோஷம்தான். அந்த ஆறு வாரத்துக்கு அரிசி யார் போடுவார்? அதை எழுதிவிட்டு அப்புறம் சுற்றாதே என்று எழுதட்டும். ஆலங்குளத்துத் தம்பி வீட்டுக்காரருக்குச் சம்பளம் ஏற்றினால் போதும் என்கிறார். என் வீட்டுக்காரருக்குக் கூலி ஏறின வருஷங்கள் உண்டு. டாஸ்மாக்கில் வரிசையும் ஏறிற்று. பீடிக் காசு என் முந்தானையில் இருந்ததால்தான் மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினாள்.

பிடித்துப்போய் யாரும் பீடி சுற்றவில்லை. இருமல், கண் எரிச்சல், இடுப்பு வலி எல்லாம் கூடவே வரும். என் மகள் கை இந்தத் தூளில் படக்கூடாது என்றுதான் இருக்கிறேன். ஆனால் பீடியை விடச் சொல்வது வேறு, வேலையை விடச் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

அதுசரி, தம்பி, தங்கச்சியிடம் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டீர்களா?

—

பொருநைக்கரை
10 மார்ச், மாலை 4:10

கேட்கவில்லை, அக்கா. பார்த்ததும் கோபம் வந்தது, அம்மாவைத்தான் ஏசினேன்.

வக்கீலம்மா கேட்டதற்குப் பதில்: இங்கே பாஸ் புத்தகம் அம்மா பெயரில். பாவூர்சத்திரத்தில் அவள் மாமியார் பெயரில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுற்றுகிறாள். அவள் பெயரில் எங்கேயும் எதுவும் இல்லை.

—

டீச்சர்வீடு
10 மார்ச், மாலை 5:26

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். அதை முழுசாக எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு வருஷம் போல இன்னொன்று என் வாழ்க்கையில் வரப்போவதில்லை. காலை எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடாமல் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின நாட்கள். யாரும் என்னை வீட்டில் பூட்டவில்லை, யாரும் வேலையைப் பறிக்கவில்லை. வருஷம் முடிந்ததும் அதே பள்ளி, அதே நாற்காலி.

அதே தெருவில் எனக்கு மூன்று மாதம் முன்னால் பிள்ளை பெற்றவள் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தாள். பேறுகாலம் ஏப்ரல் மே விடுமுறையில் வரும்படி பார்த்துக்கொள்ள முடியாதா என்று அங்கே கேட்டார்களாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கிராமச் செவிலியர்தான் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்த்தார்.

—

கங்கைகொண்டான் பட்டறை
10 மார்ச், இரவு 8:03

முதலாளி பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன். அடிக்க வராதீர்கள்.

என்னிடம் 14 பேர், அதில் 5 பெண்கள். எல்லாரும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிறார்கள். நான் சம்பளத்தில் நூற்றுக்கு 3.25 கட்டுகிறேன், அவர்கள் 0.75. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது. போன வருஷம் ஒரு பெண் பேறுகாலம் போனாள். 26 வாரச் சம்பளமும் இ.எஸ்.ஐ. கொடுத்தது, என் கையிலிருந்து போகவில்லை. தற்காலிகமாக ஓர் ஆளைப் போட்டுச் சமாளித்தேன், அவள் திரும்பி வந்துவிட்டாள். ஒரு தகராறும் இல்லை.

என் நண்பன் வைத்திருப்பது கொஞ்சம் பெரிய சம்பளக்காரர்கள் உள்ள அலுவலகம். அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது, 26 வாரமும் அவன் பெட்டியிலிருந்தே போக வேண்டும். அவன் என்ன செய்கிறான் தெரியுமா? புதுசாகக் கல்யாணமான பெண் நேர்முகத்துக்கு வந்தால் நல்லபடியாகப் பேசி, காபி கொடுத்து அனுப்பிவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை, கணக்குப் போடுகிறான். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் வந்ததே, 48இல் நிறுத்திக்கொண்ட ஒருவரையும் எனக்குத் தெரியும். செலவை ஒருத்தன் தலையில் மட்டும் வைத்தால் அவன் தலையைச் சாய்க்கத்தான் பார்ப்பான். எல்லாரும் சேர்ந்து கட்டும் உண்டியலில் இருந்து கொடுத்தால் யாருக்கும் வலிக்காது.

—

கோர்ட்டுத்தெரு
10 மார்ச், இரவு 9:15

பட்டறைக்காரர் சொன்னதை 1928லேயே ஒருவர் சொல்லிவிட்டார். பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால மசோதா வந்தபோது அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டு நலன், ஆகவே இதன் பாரத்தில் பெரும்பகுதியை அரசே சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். மறுவருஷம் சட்டம் வந்தது, செலவு முதலாளி தலையிலேயே வந்தது. 1934இல் சென்னை மாகாணச் சட்டமும் வந்தது. இன்றுவரை அந்த முடிச்சு அவிழவில்லை.

பொருநைக்கரை, உங்கள் பதிலை நினைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எத்தனை கட்டுப் பீடிக் கேஸ் பார்த்திருக்கிறேன்! 80 நாள் வேலை என்று சட்டம் கேட்கும்போது பாஸ் புத்தகத்தைத்தான் காட்ட வேண்டும். உங்கள் தங்கச்சி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் சுற்றியிருப்பாள், சட்டத்தின் கண்ணுக்கு அவள் ஒரு பீடி கூடச் சுற்றவில்லை. பெயர் இருந்திருந்தாலும் பயன்தொகை கடைசி மூன்று மாதச் சராசரிக் கூலியைப் பார்த்துத்தான். அவளுடைய கடைசி மூன்று மாதத்தில் நிறைமாத வயிறும் இருக்கிறது, டிசம்பர் வெள்ளமும் இருக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து, பதிவு செய்தீர்களா? அது வேலையைப் பார்ப்பதில்லை, ஏழ்மையைப் பார்ப்பது. விட்டுவிடாதீர்கள்.

—

ஆலங்குளத்தான்
10 மார்ச், இரவு 10:30

எல்லாரும் சேர்ந்து என்னைக் குடிகாரப் புருஷன் வரிசையில் நிறுத்திவிட்டீர்கள். நான் பீடி கூடக் குடிப்பதில்லை. பெண்டாட்டி பிள்ளைக்காக ஊரை விட்டுக் கிடப்பவனுக்கு இந்தப் பேச்சு வலிக்கும். பேட்டை அக்கா கொஞ்சம் நாக்கை அடக்கிப் பேசலாம்.

—

மட்டுறுத்துநர்
10 மார்ச், இரவு 10:44

கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம். அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.

—

சுளகு
11 மார்ச், காலை 6:50

ஆலங்குளத்துத் தம்பி, நான் என் வீட்டுக்காரரைத்தான் சொன்னேன். உங்களைச் சொல்வேனா? உங்களை மாதிரி ஆள் எனக்கு வாய்த்திருந்தால் நானும் கையை மடக்கிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஊரில் வீடு கட்டினீர்களா? பத்திரம் யார் பெயரில்?

—

ஆலங்குளத்தான்
11 மார்ச், காலை 7:32

என் பெயரில்தான். ஏன்?

—

கோர்ட்டுத்தெரு
11 மார்ச், காலை 9:20

ஏன் என்று நான் சொல்கிறேன். போன வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார். சொத்து யாருக்கு என்று வழக்கு. அவள் 24 மணி நேரமும் வீட்டைப் பார்த்ததால்தான் இவரால் அங்கே நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவளுக்குச் சமபங்கு என்றார் நீதிபதி. அயர்லாந்தில் அத்தனை அழகான வரி இருந்தும் கிடைக்காதது, அப்படி எந்த வரியும் இல்லாத நம் ஊரில் கிடைத்தது.

—

இடையன்குடி
11 மார்ச், மதியம் 1:05

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். அயர்லாந்து அயர்லாந்து என்கிறீர்களே, எங்கள் ஊரில் அடங்கியிருக்கும் கால்டுவெல் பிறந்ததே அந்தத் தீவில்தான், 1814இல், ஆண்ட்ரிம் பக்கம். (இப்போது அது வட அயர்லாந்து, இந்த வாக்கெடுப்பு அங்கே கிடையாது.) அவர் மனைவி எலிசா அம்மையார் தேரிக்காட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஆச்சியின் ஆச்சி பின்னியது என்று ஒரு துண்டு வீட்டில் இருக்கிறது, பழுப்பேறி, முருங்கைப்பூ மாதிரி ஓரம் வைத்தது. பனையேறும் புருஷன் கொண்டுவரும் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கும் வேலையும் வீட்டுப் பெண்ணுக்குத்தான். அதில் அவள் பெயரில் காசு வந்ததில்லை. லேஸில் வந்தது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

—

பட்டிமன்றப்பிரியன்
11 மார்ச், மாலை 3:48

மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், போன செப்டம்பர் 15இலிருந்து கோடிப் பேருக்கு மேல் வாங்குகிறார்கள். வீட்டு வேலைக்கு அரசு கொடுக்கும் மதிப்பு என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? இந்த விவாதமே அதோடு முடிந்தது இல்லையா?

—

ரதவீதி
11 மார்ச், மாலை 4:02

வாங்குகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாடகையில் அது ஆறு நாள்.

—

டீச்சர்வீடு
11 மார்ச், மாலை 6:15

ஆலங்குளத்தான் அண்ணாச்சி சொன்னதில் ஒன்றை எல்லாரும் அவசரமாகத் தள்ளிவிட்டோம் என்று தோன்றுகிறது. வீட்டில் இருக்க ஆசைப்படும் அம்மாவும் உண்டு. என் ஒரு வருஷம் முடிந்து பள்ளிக்குத் திரும்பின அன்று, பிள்ளை படலைப் பிடித்துக்கொண்டு அழுதது. பாத்ரூமில் போய் நானும் அழுதேன். இன்னும் ஒரு வருஷம் அரைச் சம்பளத்தில் கொடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன். இதைச் சொன்னால் பிற்போக்கு என்பார்கள் என்று பயந்து எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு வேலை இல்லை என்று சொல்லியிருந்தால், பிள்ளை பிறந்த ஆறாம் மாதமே ஓடியிருப்பேன். திரும்பிப் போக நாற்காலி இருக்கிறது என்று தெரிந்ததால்தான் நிம்மதியாகத் தாலாட்டினேன்.

நூறு நாள் வேலையில் ஒரு விதி உண்டு. வேலை இடத்துக்கு ஆறு வயசுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், வந்த பெண்களிலேயே ஒருவரைப் பிள்ளை பார்க்க விட்டு, அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும். பிள்ளை பார்ப்பதை வேலை என்று ஒத்துக்கொண்டு கூலி போடும் விதி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். எங்கள் கண்மாய்ப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மடியில் ஒன்று தூங்கும், மற்றதெல்லாம் மண்ணைத் தின்னும்.

—

பொருநைக்கரை
17 மார்ச், இரவு 7:40

ஒரு வாரம் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஊருக்குப் போய் வந்தேன்.

முதலில் சுளகு அக்கா கேட்டது. தங்கச்சியிடம் கேட்டேன். வறுமை, மாமியார் கொடுமை, கடைக்காரன் நெருக்கடி, இப்படி ஏதாவது சொல்வாள் என்று நினைத்துப் போனேன். "அம்மைக்கு அன்னைக்குக் காய்ச்சல்ணே. இலை வெட்டி வச்சாச்சு. காஞ்சு போவும்லா? அதான் ஒரு இருநூறு சுத்துனேன். சும்மா கெடந்து கெடந்து முதுகும் வலிச்சுது" என்றாள். அவ்வளவுதான். நான் அயர்லாந்து வரை போய்விட்டு வந்தது அவளுக்குத் தெரியாது.

அடுத்தது பாஸ் புத்தகம். அவள் பெயரில் புதுசாக ஒன்று போடக் கேட்டுக் கடைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை நல்ல மாதிரிதான் பேசினார். "இப்பல்லாம் புதுப் பேரு ஏத்துறதில்லையே, சித்திரை கழியட்டும், கம்பெனில கேட்டுச் சொல்லுதேன்" என்றார். அப்படியானால் அம்மா பெயரை மாற்றி அவள் பெயரைப் போடலாமா என்றேன். அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். அம்மாவுக்கு 54 ஆகிறது. 58இல் பி.எஃப். பென்ஷன். இன்னும் நாலு வருஷம் புத்தகம் ஓட வேண்டும். அம்மா கை இப்போது முன்னே மாதிரி ஓடாது, நாளைக்கு நானூறைத் தாண்டாது. மிச்சத்தை மகள்தான் இத்தனை நாளும் நிரப்பியிருக்கிறாள். "அவ பேர்ல போட்டா என் கணக்கு அத்துப் போவும். என் பேர்லயே கிடந்தா அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீயே சொல்லு, யாரு பேர்ல போட?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

வக்கீலம்மா, இதற்கு வழி இருக்கிறதா?

18,000க்கு ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள். பெட்டகம் வந்துவிட்டது.

—

கோர்ட்டுத்தெரு
17 மார்ச், இரவு 9:05

அம்மா புத்தகத்தைத் தொடாதீர்கள், அவர் சொல்வது சரி. தங்கச்சிக்குத் தனியாகப் பெயர் பதியக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. ஒரு நகல் தொழிலாளர் அலுவலகத்துக்கு. சித்திரை கழிந்தும் பதில் வராவிட்டால் அந்த ஒப்புகை அட்டையோடு என்னிடம் வாருங்கள். இந்தப் பேறுகாலத்துக்கு ஒன்றும் ஆகாது, அதை ஒளிக்க விரும்பவில்லை. அடுத்தது என்று ஒன்று வந்தால் அவளுக்குக் காட்ட 80 நாள் இருக்கும்.

அவள் பங்குப் பீடியை அவள் பெயரில் ஏற்றினால் அம்மா கணக்கில் குறையும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இதைச் சட்டம் தீர்த்துவைக்காது.

—

ஆலங்குளத்தான்
18 மார்ச், காலை 8:12

பொருநைக்கரை, பதிவுத் தபாலுக்கு என் மச்சான் தபால் ஆபீஸில் இருக்கிறான், நம்பர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

வீட்டுக்காரியிடம் பத்திரம் விஷயம் பேசினேன். "இப்பவா தோணுது" என்றாள். மேற்கொண்டு பேசவில்லை.

—

சுளகு
18 மார்ச், மதியம் 12:20

எனக்கும் மாமியார் புத்தகத்தில் 14 வருஷம் ஓடிற்று, தம்பி. அவர் பென்ஷன் வாங்கின பிறகுதான் என் பெயர் ஏறியது. அதற்குள் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். உங்கள் அம்மாவை ஏசாதீர்கள்.

தங்கச்சிக்குப் பேறுகாலக் காய மருந்து கொடுத்தார்களா? நாற்பது நாள் வரைக்கும் விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள், சுக்கும் கருப்பட்டியும் கூடுதலாகப் போட்டு. தொட்டிலைத் திண்ணையில் கட்ட வேண்டாம், உள்வீட்டில் கட்டட்டும், தூள் பறக்கும். பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது, இலை சீக்கிரம் காயும். சாக்கை இரண்டு தடவை நனைத்துப் போட்டு மூடி வைத்தால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அவசரப்பட்டு யாரும் உட்கார வேண்டாம்.